எபேசுவில் ஹெஸ்டியாவின் அடுப்பு: மேல்வாசலில் இறங்குங்கள்

துருக்கியின் எபேசு இடிபாடுகளுக்குப் போகிற பலர் செல்சஸ் நூலகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். கிரேக்கர்களின் அடுப்புத் தெய்வமான ஹெஸ்டியாவுக்காகப் போகிறீர்கள் என்றால் வழியை மாற்ற வேண்டும். செல்ச்சுக் ஊரிலிருந்து வரும் மினிபஸ் கீழ்வாசலில்தான் விடும். அங்கிருந்து நடந்தால் நிழலே இல்லாத சலவைக்கல் தெருவில் ஏறி, களைத்த பிறகுதான் ஹெஸ்டியாவின் அடுப்பு இருந்த பிரித்தனேயோன் என்ற நகர மாளிகை வரும். டாக்சி வைத்து மேல்வாசலில் இறங்கினால் முழுக்க இறக்கம்தான். கப்பல் பயணிகளின் கூட்டமும் அங்கேதான் இறங்கும், ஆகவே வாசல் திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

மேல் அகோரா என்ற பொதுச் சதுக்கத்தின் வடபுறம், ஓடியான் என்ற சிறிய அரங்கைத் தாண்டியதும், மீண்டும் நிமிர்த்தி வைத்த தூண்கள் தெரியும். இதுதான் பிரித்தனேயோன், நகரத்தின் பொது அடுப்பு இருந்த மாளிகை. ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக் கட்டடம். தீ அணையாமல் காப்பது பிரித்தனிஸ் என்ற பதவியாளரின் பொறுப்பு. பெண்களும் அந்தப் பதவியில் இருந்திருக்கிறார்கள். வெளியூர்த் தூதர்களுக்கு விருந்து வைத்ததும் இங்கேதான்.

சிலையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஹெஸ்டியாவுக்கு எங்குமே சிலைகள் குறைவு; அவளுக்கு அடையாளம் நெருப்புதான். அந்தத் தூண்களைத் தவிர இப்போது மிஞ்சியிருப்பது தரையும் அடித்தளமும். முன்கூட்டியே படித்துவிட்டுப் போகாதவருக்கு ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும்.

கட்டடத்தின் மீதியைக் கீழே போகும் வழியில் தேட வேண்டும். குரேட்டஸ் என்ற பூசாரிக் குழுவினரின் பெயர்களை இதன் தூண்களில் வெட்டியிருந்தார்கள். பிற்காலத்தில் மாளிகையைப் பிரித்து, கற்களைத் தெருவோரத்துக்கும் ஸ்கோலாஸ்டிக்கா குளியல் மண்டபத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். தெருவுக்குக் குரேட்டஸ் தெரு என்று ஆய்வாளர்கள் பெயர் வைத்ததே அந்த எழுத்துகளைக் கண்டுதான். சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும், உச்சிவெயிலில் மங்கிவிடும். கல் பல இடங்களில் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. பிடிப்பில்லாத செருப்போடு இறங்கினால் சறுக்கும்.

செல்ச்சுக் அருங்காட்சியகத்துக்குத் தனிச்சீட்டு. அதைத் தவறவிடக் கூடாது. 1956 அகழாய்வில் இந்த மாளிகையில் கிடைத்த, எபேசுவின் தெய்வமான ஆர்ட்டெமிஸின் சிலைகள் அங்கேதான் இருக்கின்றன. யாரோ பத்திரமாகப் புதைத்து வைத்ததால் தப்பியவை. இடிபாடுகளைப் பார்த்த பிறகு போனால்தான் அவை எந்தக் கூடத்திலிருந்து வந்தவை என்று புரியும்.