இன்ஜின் ஓடும்போதே ‘ஈசிஎம் போச்சு’ என்றால் நம்பிப் பணம் கட்டாதீர்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் கார், பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். மீட்டரில் ஒரே நேரத்தில் நாலைந்து விளக்கு எரிகிறது, ஸ்கேனர் போட்டால் ‘யு’ எழுத்தில் தொடங்கும் கோடுகள், அதாவது பழுதுக் குறியீடுகள் வருகின்றன, உடனே ‘ஈசிஎம் போச்சு, இன்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றணும்’ என்கிறார்கள் என்றால், எஸ்டிமேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். எனக்கு இதில் 60,000 ரூபாய்க்கு மேல் போனது. கோளாறு இருந்தது ஒரே ஒரு வயரில்.

வண்டி பிஎஸ்-6 டீசல் கார். கோபிசெட்டிபாளையத்திலிருந்து மஞ்சள் வியாபாரத்துக்கு ஈரோடும், அம்மாவின் வைத்தியத்துக்குக் கோவையும் என்று ஓயாமல் ஓடும் வண்டி. ஒரு நாள் புளியம்பட்டி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும், இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது. செக் இன்ஜின், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ், ஸ்டியரிங் விளக்குகள் சேர்ந்து எரிந்தன. ஸ்டியரிங் இறுகிவிட்டது. ஆனால் இன்ஜின் நிற்கவில்லை, ஆக்சிலரேட்டர் மிதித்தால் வண்டி போகிறது. கொஞ்ச தூரத்தில் முள் தானாக எழுந்து நின்றது, ஸ்டியரிங்கும் சரியானது. பிறகு இதே தொல்லை அடிக்கடி வர ஆரம்பித்தது. சில நாள் காலையில் சாவி போட்டால் ஸ்டார்ட்டே ஆகாது, பத்து நிமிடம் கழித்து ஆகும்.

கோவையில் நல்ல பெயருள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயரை இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே ஸ்கேனரைச் செருகினார்கள், யு0100 என்று வந்தது. சர்வீஸ் அட்வைசர் திரையை என் பக்கம் திருப்பி, “ஈசிஎம் டெட்டுங்க சார். வேற வழியில்லைங்க, மாத்தித்தான் ஆகணும்” என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மல்டிமீட்டர் யார் கையிலும் இல்லை. பானெட்டைத் திறந்து வயர்களை இணைக்கும் கப்ளர் ஒன்றைக் கழற்றிப் பார்த்தவர்கூட இல்லை. ஈசிஎம் 54,000, கோடிங் 6,500 என்று பில். பழைய ஈசிஎம்மைக் கேட்டதற்கு ‘எக்ஸ்சேஞ்சில் போய்விடும்’ என்றார்கள்.

மாற்றிய பிறகு சில நாள் வண்டி நன்றாகவே ஓடியது. அதை நம்பித்தான் குடும்பத்தோடு பண்ணாரி போய், திம்பம் ஏறி ஆசனூர் வரை போய்வந்தோம். அடுத்த வாரமே கோபி பஸ் ஸ்டாண்ட் அருகில் முள் மறுபடி விழுந்தது. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவு. அதில் இறங்கும்போது ஸ்டியரிங் இறுகி, ஏபிஎஸ்ஸும் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது. என் கோபம் பணத்துக்காக மட்டும் இல்லை.

திரும்ப வண்டியை எடுத்துப் போனால், அதே அட்வைசர், “அப்ப வயரிங் செட்டே போயிருச்சுங்க சார், முழுசா மாத்திரலாம்” என்று 78,000 ரூபாய்க்கு இன்னொரு எஸ்டிமேட் நீட்டினார். முதலில் போட்ட ஈசிஎம் எதற்கு என்று கேட்டேன். “அதுவும் வீக்காத்தான் சார் இருந்துச்சு” என்கிறார்! வண்டியை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் என் மச்சான்தான் ஒரு எலக்ட்ரீசியனிடம் அனுப்பினார். சின்ன வயதுப் பையன், ரோட்டோரக் கடை. பிஎஸ்-6 லாரிகளில் சைலன்சர் பக்கம் இருந்து புகையை அளக்கும் நாக்ஸ் சென்சார்கூட, வண்டிக்குள் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் ‘கேன்’ என்ற வயரில்தான் இன்ஜின் கம்ப்யூட்டரோடு பேசுகிறது. அதனால் இந்த மாதிரிக் கோளாறு அவருக்கு அன்றாட வேலை. ஸ்கேனரை எடுப்பதற்கு முன்பே அவர் கேட்டது ஒரே கேள்வி.

“ஏனுங்ணா, முள்ளு விழுகறப்ப இன்ஜின் ஓடிட்டே இருந்துச்சுங்களா?”

“ஆமாங்க, நிக்கவே இல்லை.”

“அப்புறம் ஈசிஎம் எப்படீங்ணா செத்திருக்கும்? டீசலை எப்ப, எவ்வளவு அடிக்கணும்னு சொல்றதே அதுதானுங்களே.”

அந்தப் பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி இது. இன்றைய காமன் ரெயில் டீசல் இன்ஜின் ஈசிஎம் இல்லாமல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாது. ஆர்பிஎம் முள்ளுக்கு இன்ஜினிலிருந்து தனி வயர் வருவதில்லை. ஈசிஎம் சொல்லும் எண்ணை மீட்டர் கேன் லைனில் கேட்டுக் காட்டுகிறது. இன்ஜின் ஓடி, முள் மட்டும் விழுந்தால், ஈசிஎம் உயிரோடு இருக்கிறது, அது பேசுவது மற்றவர்களுக்குக் கேட்கவில்லை என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். யு0100 சொல்வதும் அவ்வளவுதான்: இன்ஜின் கம்ப்யூட்டருடன் தொடர்பு விட்டுப்போனது. போன் எடுக்காதவர் செத்துவிட்டார் என்று யாராவது பாடை கட்டுவார்களா? முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரிண்ட் என்னிடம் இருந்தது. அவர் அதைப் புரட்டிப் பார்த்து, பழைய ஈசிஎம்மின் சொந்த மெமரியிலேயே ஏபிஎஸ், மீட்டர் இரண்டோடும் தொடர்பு போனதாக யு0121, யு0155 கோடுகள் பதிவாகியிருப்பதைக் காட்டினார். செத்துப்போன கம்ப்யூட்டர் கோடு எழுதாது. எல்லோரும் ஈசிஎம்மைக் காணோம் என்கிறார்கள், ஈசிஎம் எல்லோரையும் காணோம் என்கிறது. அப்படியானால் ஈசிஎம்முக்குப் போகும் வயர், அதன் பவர், எர்த் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கேன் என்பது பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட முறை. கேன்-ஹை, கேன்-லோ என்று ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர். இன்ஜின், ஏபிஎஸ், மீட்டர், ஸ்டியரிங் எல்லாம் இந்த ஒரே ஜோடியில் பேசிக்கொள்கின்றன. லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பல வண்டிகளில் அதில் ஒன்று ஈசிஎம்முக்கு உள்ளேயே இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகும் ஓபிடி சாக்கெட்டில் 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் 60 பக்கம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டு வயரும் எங்கோ ஷார்ட். சாக்கெட்டுக்கும் உள் லைனுக்கும் நடுவே கேட்வே என்ற தனி மாட்யூல் வைத்த சில வண்டிகளில் இந்த இரண்டு பின்னில் உள்ளே இருக்கும் லைன் தெரியாது, வேறு இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதைத் தெரிந்த ஆள் அவரே சொல்லிவிடுவார்.

என் வண்டியில் முதலில் 60 காட்டியது. அவர் அதோடு விடவில்லை. மல்டிமீட்டரை என் கையில் கொடுத்துவிட்டு, பானெட்டுக்குள் வயரிங்கைச் சாண் சாணாகப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனார். பேட்டரி ட்ரேக்கு அடியில் கை போனதும் 60 சட்டென்று 120-க்குத் தாவியது, கையை எடுத்ததும் 60. ட்ரேயைக் கழற்றினால், வயரிங்கைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் உடைந்து, பிராக்கெட்டின் விளிம்பில் உரசி உரசி டேப் தேய்ந்திருந்தது. உள்ளே கேன் ஜோடியில் ஒரு வயர் தோல் போய், செம்பு பச்சை பூத்து, இரண்டு மூன்று இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வேகத்தடையில் குதித்தால் விட்டுப்போகும், அப்புறம் தானே ஒட்டிக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கும் இதுவே காரணம்: சாவியைச் சரிபார்க்கும் இம்மொபிலைசர் ஈசிஎம்மோடு பேசுவதும் இதே லைனில்தான். ஈசிஎம் மாற்றியபோது பேட்டரியையும் கப்ளரையும் கழற்றி மாட்டியதில் வயர் கொஞ்சம் நகர்ந்து ஒட்டியிருக்கிறது. கோடுகளையும் அழித்துவிட்டார்கள். அந்தச் சில நாள் சுகத்துக்குத்தான் நான் கொடுத்த பணம்.

பழுதான துண்டை வெட்டி, அதே கனத்தில் புது வயர் வைத்து, ஈயம் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு, முறுக்குக் கெடாமல் மறுபடி முறுக்கிக் கட்டினார். முறுக்கை அவிழ்த்து நீளமாக விட்டுவிட்டால் வெளி இரைச்சல் லைனில் ஏறும் என்றார். புது கிளிப் போட்டார். 1,500 ரூபாய் வாங்கினார். வண்டி அதற்குப் பிறகு ஒருமுறைகூட முரண்டு பிடிக்கவில்லை.

இந்த நிலையில் வண்டியை விடப்போகிறவர்கள், கோடுகளை அழிப்பதற்கு முன்னால் எல்லா மாட்யூலையும், அதாவது வண்டியில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் ஸ்கேன் செய்த முழு ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து வாங்குங்கள். எந்த மாட்யூல் யாரைக் காணோம் என்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. ஈசிஎம்முக்கு வரும் பவர், எர்த், பியூஸ் பார்த்தீர்களா, கேன் லைனில் எத்தனை ஓம் காட்டியது, வயரை ஆட்டியபோது என்ன காட்டியது என்று கேட்டு, பதிலை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வண்டியை எடுத்துவிடுங்கள். பழைய பார்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஈசிஎம் உண்மையிலேயே போவதும் உண்டு, தண்ணீர் இறங்கினால் போகும். ஆனால் அந்த முடிவு இந்தச் சோதனைகளுக்குப் பிறகு வர வேண்டும்.

நான் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒர்க்‌ஷாப் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பில், இரண்டு எஸ்டிமேட், ஸ்கேன் பிரிண்ட், அந்தத் தேய்ந்த வயர்த் துண்டு, எலக்ட்ரீசியன் எழுதிக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். என் பழைய ஈசிஎம் எங்கே போனது என்பதற்கு மட்டும் இன்னும் அவர்களிடமிருந்து பதில் இல்லை. அது நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ஈசிஎம். யாருக்காவது இப்போது ‘ரீகண்டிஷன் பீஸ்’ என்று ஒன்றைக் காட்டினால், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, ஏன் கழற்றப்பட்டது என்று கேளுங்கள்.