பஞ்சகோச ஒலிவகுப்பு: நாலு கோசம் அருமை, ஐந்தாவதில் அவசரம்

ஆசனம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது யாராவது ஒருவர், "டீச்சர், அன்னமய கோசம்னா உடம்பு, சரி. மத்த நாலும் எங்க இருக்கு?" என்று கேட்டுவிடுவார். கோசம் என்றால் உறை. உடம்பு (அன்னமயம்), மூச்சு (பிராணமயம்), மனசு (மனோமயம்), அறிவு (விஞ்ஞானமயம்), ஆனந்தம் (ஆனந்தமயம்) என்று மனிதனுக்கு ஐந்து உறைகள் என்பது கணக்கு. உருப்படியாக ஒரு பதில் வேண்டுமென்றுதான் இந்த ஒலிவகுப்பை வாங்கினேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்கிறேன். பாடம் எடுப்பவர் இந்த ஐந்தையும் சொல்லும் தைத்திரீய உபநிஷத்தின் ஆனந்தவல்லி என்ற பகுதியை விட்டு நகர்வதில்லை. கோசம் என்று ஆரம்பித்த கையோடு சக்கரம், நிறம், ராசிக்கல் என்று போய்விடுகிற வகுப்புகளைக் கேட்டுச் சலித்த எனக்கு இதுவே பெரிய நிம்மதி. மூலத்தை ஓதுகிறார், பதம் பிரிக்கிறார், அப்புறம்தான் பொருள்.

பிராணமய வகுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். உபநிஷத் ஒவ்வொரு கோசத்துக்கும் தலை, வலச்சிறகு, இடச்சிறகு, நடுவுடல், வால் என்று உறுப்புகள் சொல்கிறது. பிராணமயத்துக்குப் பிராணன் தலை, உடம்பில் ஓடும் வாயுக்களான வியானனும் அபானனும் சிறகுகள், ஆகாயம் நடுவுடல், பூமி வால். இதைக் கண்ணை மூடி உட்கார்ந்து கேட்கச் சொல்கிறார். 'பூமி வால்' என்று நிறுத்தும்போது இடுப்பெலும்பு தரையில் அழுந்துவது தானாகவே தெரிகிறது. அபானன் கீழ்நோக்கிய வாயு என்று மாணவர்களிடம் ஆயிரம் தடவை ஒப்பித்திருக்கிறேன். மண்ணோடு சேர்த்துச் சொன்னால் இப்படிப் பிடிபடும் என்று தோன்றியதில்லை.

மனோமய வகுப்பு சுமார். யஜுர், ரிக், சாமம் எப்படி மனசின் உறுப்புகளாகின்றன என்று விளக்காமலே கடந்துவிட்டார். விஞ்ஞானமயத்தில் ஈடுகட்டிவிடுகிறார். சிரத்தை தலை, ருதமும் (ஒழுங்கு) சத்தியமும் சிறகுகள், நடுவுடல் எது தெரியுமா? யோகம்! யோகா டீச்சர்கள் சுவரில் எழுதி ஒட்டவேண்டிய வரி.

கூடவே வரும் வரைபடம்தான் எரிச்சல். வட்டத்துக்குள் வட்டமாக வரைந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்து 'ஆத்மா' என்று போட்டிருக்கிறார்கள், வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது மாதிரி. உள்ளே போகப்போகச் சின்னதாகிக்கொண்டே போகிறது. மூலமோ, உள்ளே இருப்பதால் வெளியே இருப்பது நிறைந்திருக்கிறது, இதுவும் அதே மனித வடிவில் இருக்கிறது என்கிறது. ஐந்தும் ஒரே அளவு! ஆசிரியர் இதைச் சரியாகவே சொல்கிறார். வரைந்தவர் பாடத்தைக் கேட்கவில்லை போலிருக்கிறது.

ஆனந்தமயத்துக்கு வந்ததும் புல்லாங்குழல் ஆரம்பமாகிறது. 'இதுவே நீங்கள், இதில் கரையுங்கள்' என்று சொல்லி முடித்துவிடுகிறார். ஆனந்தமயம்தான் பிரம்மமா, அதாவது பரம்பொருளா, இல்லையா என்பது எவ்வளவு பெரிய வழக்கு! உபநிஷத்துகளின் பொருளை ஆராயும் பிரம்மசூத்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே இதற்கென்று ஆனந்தமயாதிகரணம் என்று தனிப் பகுதி இருக்கிறது. ஆனந்தமயமும் ஒரு கோசம்தான், 'பிரம்மம் வால், ஆதாரம்' என்று அங்கே சொல்லப்படும் பிரம்மமே அடையவேண்டியது என்பது சங்கரர் முடிவு. ஆனந்தமயனே பரமாத்மா என்பது ராமானுஜர் முடிவு. வகுப்பு யார் பக்கம்? சொல்லவே இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். வழக்கு இருப்பதையே மறைப்பதுதான் பிடிக்கவில்லை. போதாததற்கு, தூக்கம் வராதவர்களுக்கு நல்லது என்று ஒரு சிபாரிசு வேறு.

அதே உபநிஷத்தில் அடுத்து வரும் பிருகுவல்லியைத் தொடாததும் பெரிய குறை. பிருகு அப்பா வருணனிடம் பிரம்மம் எதுவென்று கேட்க, அவர் தேடித் தெரிந்துகொள் என்கிறார்; பிருகு தவத்தில் இறங்குகிறான். அன்னம் என்று கண்டுபிடித்துத் திரும்பினால், மறுபடியும் தவத்துக்கே போகச் சொல்கிறார். பிராணன், மனம், விஞ்ஞானம், ஆனந்தம் என்று பையன் தானே ஏறிப்போகிறான். பயிற்சி செய்கிறவர்களுக்கு வேண்டியது இதுதானே?

பாடங்களைத் தனித்தனியாகவும் வாங்கலாம். முதல் நாலும் தாராளமாக வாங்குங்கள், குறிப்பாகப் பிராணாயாமம் சொல்லிக்கொடுப்பவர்கள். ஐந்தாவதை, சங்கரர், ராமானுஜர் இருவரின் பாஷ்யமும் (உரையும்) படித்த ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து கேட்பதே மேல்.