கம்ப்யூட்டர் கழுத்துக்கு எது உதவும்: ஊசியா, தொடு சிகிச்சையா, வர்மமா, பிசியோவா?

மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் நெருங்கிவிட்டால் போதும், சௌகார்பேட்டையில் கணக்கு எழுதுகிறவர்களின் கழுத்தைப் பார்த்தே ஜிஎஸ்டி தாக்கல் நடக்கிறது என்று சொல்லிவிடலாம். மண்ணடி, ராஜாஜி சாலைப் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களில் தினமுமே அந்தக் கதைதான். ஒரு திரையில் இன்வாய்ஸ், இன்னொன்றில் சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம், உட்கார முதுகு ஒடிந்த நாற்காலி. தண்டையார்பேட்டையிலிருந்தும் கொளத்தூரிலிருந்தும் ஓஎம்ஆருக்குப் போய்வரும் ஐடி பிள்ளைகளுக்கு வேலை நேரம் போதாதென்று, மெட்ரோவில் குனிந்தபடி போன் பார்க்கிற நேரம் வேறு.

இவர்களில் யாருக்காவது கழுத்து பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு யோசனை வரும். அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள் என்பார் ஒருவர். ஊசியே வேண்டாம், விரலால் தொட்டாலே சரியாகும் என்பார் இன்னொருவர். வர்மம், பிசியோ, புதுக் கண்ணாடி என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் யாரும் முதலில் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: உனக்கு வலி எங்கே? கழுத்து, தோள் பிடிப்பு வேறு. நெற்றியைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போன்ற தலைவலி வேறு. கண் எரிச்சல் வேறு. தூக்கம் கெட்டு, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பது வேறு. இந்த நான்குக்கும் ஒரே மருந்து என்று யார் சொன்னாலும் கொஞ்சம் தள்ளி நின்றே கேளுங்கள்.

ஊசி அக்குபங்சர்

"அண்ணே, ஊசி குத்தினா ரத்தம் வருமா?" என்று என்னிடம் கேட்காத தம்பி இல்லை. பெரும்பாலும் வராது. இது மருந்து ஏற்றுகிற ஊசி அல்ல. உள்ளே துளை இல்லாத கம்பி, தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். திரை வேலைக்காரர்களுக்கு வழக்கமாகப் போடும் இடங்கள் சில உண்டு: மண்டையோட்டின் அடியில், பிடரியின் இரு பக்கப் பள்ளங்கள் (அக்குபங்சர் பெயரில் ஜிபி 20), தோள் மேட்டின் நடு (ஜிபி 21), கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை (எல்ஐ 4). குத்தியபின் 20, 30 நிமிடம் அப்படியே படுத்திருக்க வேண்டும். குத்திய இடத்தில் ஒரு கனம், மந்தமான இழுப்பு தெரியும். அது இயல்பு.

பலன் உண்டா? தலைவலிக்கும் கழுத்து வலிக்கும் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. இறுக்கத்தால் அடிக்கடி வரும் தலைவலி பற்றி 2016-ல் வந்த காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் திரட்டி அலசும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு 12 சோதனைகளை எடுத்து அலசியது. ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகக் குறைந்தன. சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, நாள்பட்ட இறுக்கத் தலைவலிக்கு 5 முதல் 8 வாரங்களில் 10 அமர்வு வரை அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்று 2012-லேயே வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. நாள்பட்ட கழுத்து வலி உள்ள 517 பேரை வைத்து அங்கேயே நடந்த சோதனை 2015-ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஊசியும் எடுத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் வலி குறைவாகவே இருந்தது.

ஆனால் அதே காக்ரேன் தொகுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தவறான இடத்தில் குத்தியோ, தோலைத் துளைக்காமல் ஊசி போடுவதுபோல பாவனை செய்தோ கொடுத்த போலிச் சிகிச்சையிலும் நூற்றுக்கு 43 பேருக்கு அதே அளவு பலன் கிடைத்தது. ஆக, உண்மை ஊசிக்கும் போலி ஊசிக்கும் வித்தியாசம் உண்டு, பெரிய வித்தியாசம் இல்லை. மீதியை எது செய்கிறது? என் கணிப்பு இது: நம் ஆள் அரை மணி நேரம் போனைப் பையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, அசையாமல் படுப்பது அந்த மேஜையில் மட்டும்தான். ஊசி குத்தியிருக்கும்போது கை நீட்டி வாட்ஸ்அப் பார்க்க முடியாதே!

தனியார் இடங்களில் ஓர் அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை கேட்கிறார்கள். குறைந்தது வாரம் ஒருமுறை போக வேண்டும். செலவு பார்ப்பவர்களுக்கு அண்ணா வளைவு அருகே அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இயற்கை மருத்துவப் படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம் என்பதால் அங்கே விசாரித்துப் பார்க்கலாம். காலை நேரத்தில் போக வேண்டியிருக்கும், அரை நாள் விடுப்பு போகும்.

தொடு சிகிச்சை

தமிழ்நாட்டில் அக்குபங்சர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இதுதான். அக்கு ஹீலர் நாடி பார்ப்பார், ஒரே ஒரு புள்ளியை விரலால் சில விநாடி தொடுவார், அவ்வளவுதான். கட்டணம் வாங்காதவர்களும், உண்டியலில் முடிந்ததைப் போடச் சொல்பவர்களும் உண்டு. ஊசி பயம் உள்ளவர்களுக்கு இது பெரிய ஈர்ப்பு.

தொடுதலைவிட, அதோடு சேர்ந்து வரும் அறிவுரையைத்தான் நான் மதிக்கிறேன். பசித்தால் மட்டும் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, இரவு சீக்கிரம் படு. இரவு 1 மணி வரை ரீல்ஸ் பார்க்கும் ஆள் 10 மணிக்குப் படுத்தால் கழுத்துக்கும் கண்ணுக்கும் மனசுக்கும் நல்லது நடக்காமல் இருக்குமா? ஆனால் அந்தப் பலனைப் புள்ளியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஊசி முறைக்கு இருக்கும் அளவுக்கு இதற்குச் சோதனை ஆதாரமும் கிடையாது. இன்னொரு விஷயத்தில் நான் கறார்: பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்து என்று சொல்கிற இடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வர்மமும் சலூன் நெட்டியும்

சித்த மருத்துவத்தில் புள்ளிகளை அழுத்தும் வர்மம், உடலைத் தேய்த்துவிடும் தொக்கணம் இரண்டும் இறுகிய தோளுக்கு இதமானவை. எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் தசை தளரும், அன்றிரவு நல்ல தூக்கம் வரும். இரண்டு மூன்று நாளில் பிடிப்பு திரும்பவும் வந்து உட்காரும் என்பதுதான் குறை. போவதானால் படித்த சித்த மருத்துவரிடம் போங்கள்.

முடி வெட்டியபின் தலையைப் பிடித்து ‘டக்’கென்று திருப்பி நெட்டி எடுப்பதை மட்டும் எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டேன். கேட்க சுகமாக இருக்கும். ஆனால் கழுத்தை அப்படி வெடுக்கென்று திருப்புவதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவத்தில் பதிவாகியிருக்கின்றன. அரிதுதான், இருந்தாலும் ஒரு ஹேர்கட்டுக்கு அந்த ரிஸ்க் எதற்கு?

பிசியோ

கழுத்து, தோள் வலிக்கு என் ஓட்டு முதலில் இங்கேதான். காரணம் எளிது. மற்றதெல்லாம் நம்மைப் படுக்கவைத்துப் பிறர் செய்வது. பிசியோ, நாமே செய்ய ஒன்றைக் கற்றுக்கொடுத்து அனுப்புகிறது. தாடையை உள்ளே இழுத்துப் பிடிப்பது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து அழுத்துவது, ரப்பர் பேண்டைப் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் தூக்குவது. டென்மார்க்கில் கழுத்து, தோள் வலி இருந்த 198 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. சிலர் இந்த ரப்பர் பேண்ட் பயிற்சியைத் தினம் 12 நிமிடம் செய்தார்கள், சிலர் வெறும் 2 நிமிடம். 10 வாரத்தில் இரு கூட்டத்துக்கும் வலி குறைந்தது. 2 நிமிடக்காரர்கள் அதிகம் பின்தங்கவில்லை. ஜிஎஸ்டி கடைசித் தேதியன்றுகூட 2 நிமிடம் கிடைக்கும்.

இதில் சலிப்பு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஊசி போட்ட அன்றே ‘லேசா இருக்கு’ என்று தோன்றும். பயிற்சியில் மூன்றாவது வாரம் வரை ஒன்றுமே தெரியாது. பெரும்பாலானவர்கள் இரண்டாவது வாரத்திலேயே ரப்பர் பேண்டை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்கள், முதல் சில வாரம் ஊசியில் வலியைக் குறைத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் பயிற்சியைப் பழக்கிக்கொள்வது நல்ல கூட்டணி. இரண்டும் எதிரிகள் அல்ல.

வட சென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மவுஸ் பிடிக்கும் கை இரவில் மரத்துப்போகிறது, விரல் நுனி மதமதக்கிறது, பொருள் நழுவி விழுகிறது என்றால் ஊசியும் வேண்டாம், வர்மமும் வேண்டாம். நேராக அங்கே போங்கள். டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய அங்குள்ள கை அறுவை சிகிச்சைப் பிரிவு நாடறிந்தது. அறுவை சிகிச்சை என்ற பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நரம்பு நசுங்குகிறதா என்று பார்த்துச் சொல்லவும் அவர்கள்தான் பொருத்தமானவர்கள்.

கண்ணுக்கு

இங்கே ஊசியை நான் பரிந்துரைக்க மாட்டேன். திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது. அதனால்தான் வறட்சி, எரிச்சல். ஏசி காற்று முகத்தில் நேராக அடித்தால் இன்னும் மோசம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தள்ளி இருப்பதை 20 விநாடி பார்ப்பது இலவச வைத்தியம். திருவொற்றியூர்ப் பக்கம் மெட்ரோ மேலே ஏறியதும் போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாலே அதில் ஒரு பங்கு முடிந்துவிடும்.

திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று கடைகளில் கூடுதல் காசுக்கு விற்கும் ப்ளூ கட் கண்ணாடி பற்றி: 17 சோதனைகளை அலசிய 2023 காக்ரேன் தொகுப்பு, அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. அந்தக் காசுக்கு ஒழுங்காகக் கண் பரிசோதனை செய்துகொள்ளலாம். 40 தாண்டியவர்களின் ‘ஸ்ட்ரெஸ் தலைவலி’யில் பாதி, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடாததால் வருவதுதான் என்பது என் சந்தேகம். 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டேஷன்தானே.

ஊசிதான் என்று முடிவு செய்தவர்களுக்கு

சீல் பிரிக்காத, ஒருமுறை மட்டுமே பயன்படுத்தும் ஊசி உங்கள் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். போடுபவர் என்ன படித்தவர் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தோள் மேட்டில் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் உறையில் ஓட்டை விழும் ஆபத்து, மிக அரிதானாலும், உண்டு. அனுபவம் உள்ள கைக்குத்தான் அந்த ஆழம் தெரியும். கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்பே சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் மின்சாரம் கொடுக்கும் ஊசி முறை கூடாது. வெறும் வயிற்றில் போகாதீர்கள், சிலருக்குத் தலை சுற்றும்.

10 அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். தனித்தனியாகவே கட்டுங்கள். நான்கைந்து முறை போயும் தலைவலி வரும் நாட்கள் குறையவில்லை என்றால், ஆறாவது அமர்வுக்கான காசை ரப்பர் பேண்டுக்கும் நல்ல நாற்காலிக்கும் திருப்பிவிடலாம்.