மெஷின் சோதனை என்று 18,500 ரூபாய் ஏமாந்தேன்: பட்டறை வைத்திருப்பவர்கள் கவனம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். நேற்று நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

டிரில், ஃபேன், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்று பிளக் மாட்டுகிற எல்லாவற்றுக்கும் எனக்கு ஆர்டர் தரும் கம்பெனி மின் பாதுகாப்புச் சோதனை ரிப்போர்ட் கேட்டது. ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் புக் செய்தேன். ஒன்றுக்கு 250 வீதம் 74க்கு 18,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே. வந்தவர் முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, லூசாக இருந்த எர்த் ஸ்க்ரூவை எனக்குக் காட்டி முடுக்கினார். "இதையெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க சார்" என்றார். அந்த ஒரு பேச்சில் நம்பிவிட்டேன். அவரை விட்டுவிட்டு டெலிவரிக்குப் போனேன். ஒன்றரை மணி நேரத்தில் வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் பச்சை ஸ்டிக்கர். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

நேற்று மழைத்தண்ணீர் புகுந்த தரையில் நின்றபடி பட்டறைப் பையன் பெடஸ்டல் ஃபேனைத் திருப்பினான். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. டிரிப் ஆனதால்தான் பிழைத்தான். தெரிந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் பிளக்கைத் திறந்தார். எர்த்துக்கான பச்சை வயர் பின்னில் மாட்டவே இல்லை. இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் மீட்டரில் 0.2 மெகா ஓம். குறைந்தது 1 வேண்டும். அப்புறம் ரிப்போர்ட்டைப் பிரித்தால் 74க்கும் ஒரே ரீடிங்! சதுரத்துக்குள் சதுரம் போட்ட டபுள் இன்சுலேஷன் டிரில்லுக்கும் எர்த் 0.1 ஓமாம். இரண்டு பின் பிளக், அதில் எர்த் வயரே கிடையாது.

ஆப்காரர்களுக்குப் போன் போட்டால், "அந்த டெக்னீஷியன் இப்போ எங்ககிட்ட இல்லை சார்." மறுபடி போட்டால், "7 நாளுக்குள்ள புகார் தரணும்." மூன்றாவது தடவை 200 ரூபாய் கூப்பன் தருகிறார்களாம். என் 18,500 ரூபாய்க்குப் பதில் இல்லை. பையனுக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. சோதனை முடிகிற வரை கூடவே நில்லுங்கள். பிளக்கைத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் ரீடிங்கையும் மீட்டரில் நீங்களே பாருங்கள். ஈ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை இன்றே அழுத்திப் பாருங்கள்.

பட்டறையை மூடிவிட்டு மீதி 73-ஐயும் அண்ணனோடு பிரித்துக்கொண்டிருக்கிறேன்.