தாளை வெட்டிக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்: சாணைக் கடையில் நான் ஏமாந்த கதை

வீட்டுக் கத்தியைச் சாணைக்குக் கொடுக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன மாதம் மூன்று கத்திகளுக்கு 240 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். கடையின் பெயர் வேண்டாம்.

சந்தைப் பக்கம் மோட்டார் சாணை வைத்திருக்கிறார். பொறி பறக்கத் தேய்த்தார். தண்ணீர் ஒரு சொட்டுத் தொடவில்லை. அப்புறம் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, கத்தியைச் சர்ரென்று இழுத்தார். தாள் இரண்டாக விழுந்தது. "பாத்துக்குங்க சார், பிளேடு மாதிரி" என்றார். நானும் வாயைப் பிளந்துகொண்டு காசை நீட்டினேன்.

இரண்டு நாள் தக்காளியை அழகாக நறுக்க முடிந்தது. மூன்றாம் நாள் முருங்கைக்காய், கேரட். நான்காம் நாள் தக்காளித் தோலிலேயே கத்தி வழுக்குகிறது. திரும்பப் போய்க் கேட்டால், "உங்க கட்டை சரியில்ல" என்கிறார். வீட்டில் இருப்பது சாதாரண மரக்கட்டை! மறுபடி சாணை, மறுபடி தாள், மறுபடி 80 ரூபாய்.

குட்டு உடைந்தது கறிக்கடை பாயிடம். கத்தியை வாங்கி, முதுகுப் பக்கமிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே போகிற மாதிரி விரலால் தடவினார். ஒரு பக்கம் வழவழப்பு. மறுபக்கம் நகத்தில் மாட்டியது. "பிசிறு நிக்குது தம்பி. தாளை வெட்டுறது இதுதான், கத்தி இல்ல" என்று சொல்லி, கட்டையின் ஓரத்தில் கத்தியின் விளிம்பை லேசாக ஒரு இழுப்பு இழுத்தார். வெள்ளி முடி மாதிரி ஒரு இழை சுருண்டு வந்தது. அதே கத்தியால் தாளை இழுத்துப் பார்த்தேன், கந்தலாகக் கிழிந்தது.

சாணையில் தேயும்போது விளிம்பு எஃகு மறுபக்கமாக மெல்லிசாகப் பிதுங்கி நிற்கும். அதுதான் பிசிறு. பிளேடைவிட மெல்லிசு, அதனால் தாள் வெட்டும்; காயில் நாலு தடவை பட்டால் மடிந்துவிடும். நயமான கல்லிலோ தோல்வாரிலோ மாற்றி மாற்றித் தீட்டி அதை எடுத்திருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் மனிதர் விட்டுவிட்டார்.

இன்னொன்றையும் பிறகுதான் கவனித்தேன். அவர் வெட்டிக் காட்டியது இரண்டு முறையும் பிடியை ஒட்டிய பாகத்தில் மட்டும், அதுவும் வேகமாக. பிடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். மொட்டையான இடத்தில் தாள் கிழியும். விளக்குக்கு நேரே கத்தியின் விளிம்பை மேலாக்கிப் பிடித்தாலும் தெரியும். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மினுங்கும், கூரான இடம் ஒளியைத் திருப்பாது. ஆனால் இதெல்லாம் பிசிறை எடுத்த பிறகு செய்ய வேண்டிய சோதனை.

பட்டறையில் அடித்து வாங்கிய என் பழைய கத்தியின் நுனியில், தண்ணீர் தொடாமல் தேய்த்த சூட்டில், நீலம் பாய்ந்திருக்கிறது. கார்பன் எஃகு ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடானால்தான் அந்த நிறம் வரும். அங்கே பதம், அதாவது எஃகின் கடினம், போய்விட்டது. அந்தப் பகுதியைத் தேய்த்துக் கழிக்காமல் இனி கூர் நிற்காது.

இப்போது வேறு கடை. பையில் ஒரு தக்காளியும் மரத்துண்டும் கொண்டுபோகிறேன். முதலில் கத்தியை மரத்தில் ஒரு இழுப்பு, அப்புறம் தக்காளி, அதன் பிறகுதான் காசு. கடைக்காரர் முறைக்கிறார். முறைக்கட்டும்.