மீண்டும் மீண்டும் வரும் சிறுநீரகக் கல்: அமோனியம் குளோரைடு சோதனையா, ஃபுரோசமைடு சோதனையா?

கால்சியம் பாஸ்பேட் கற்கள் திரும்பத் திரும்ப உருவாகி, சிறுநீரில் சிட்ரேட் குறைந்திருந்தும் இரத்தத்தில் பைகார்பனேட் இயல்பாகவே உள்ளவர்களுக்கு, வெளிப்படாத நுண்குழாய் அமிலத்தேக்கம் (சிறுநீரக நுண்குழாய்கள் அமிலத்தைச் சிறுநீரில் சரிவர வெளியேற்ற இயலாத நோய்) இருக்கிறதா என்று அறிய இவ்விரு சோதனைகளும் உதவுகின்றன. காலையில் வெறும் வயிற்றில் எடுத்த சிறுநீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் மிகுதி) 5.3க்குக் கீழே இருந்தால் பொதுவாக இரண்டுமே தேவையில்லை.

முறை: உடலில் அமிலத்தைக் கூட்டும் உப்பான அமோனியம் குளோரைடு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 கிராம் வீதம் தரப்படுகிறது. மற்றதில் ஃபுரோசமைடு (சிறுநீர்ப் பெருக்கி மருந்து) 40 மில்லிகிராமும் ஃபுளூட்ரோகார்ட்டிசோன் (ஒரு ஸ்டீராய்டு மருந்து) 1 மில்லிகிராமும் தரப்படுகின்றன. இரண்டிலும் மணிக்கொரு முறை சிறுநீரின் பிஎச் அளக்கப்படுகிறது.

தாங்குதிறன்: முன்னது குமட்டலும் வாந்தியும் தருவதால் பலரால் முடிக்கவே இயலுவதில்லை, இது சிறிய குறை அல்ல, பின்னது எளிது.

நம்பகம்: இங்குதான் வேறுபாடு முக்கியமாகிறது. ஃபுரோசமைடு சோதனையில் பிஎச் 5.3க்குக் கீழே இறங்கினால் நோய் இல்லை என்று பெரும்பாலும் உறுதியாகக் கூறலாம். இறங்காவிட்டால் அதை மட்டுமே வைத்து நோயை உறுதிசெய்வது சரியன்று, அமோனியம் குளோரைடு சோதனையே அதற்கு உரிய அளவுகோல்.

ஆகவே முதல் வடிகட்டலுக்கு ஃபுரோசமைடு முறையையும், ஐயம் நீடிக்கும்போது மட்டும் அமோனியம் குளோரைடையும் தேர்ந்தெடுப்பதே நோயாளிக்கு நல்லது. எதைச் செய்தாலும் முதலில் சிறுநீர்த் தொற்று இல்லை என்று பார்த்துவிட வேண்டும், ஏனெனில் யூரியாவைச் சிதைக்கும் கிருமிகள் பிஎச் அளவைப் பொய்யாக உயர்த்திவிடும்.