மோண்டே காசினோவுக்குக் கொண்டுபோன மூன்று கல்லறை விளக்குகள்

எங்கள் தூத்துக்குடியில் கல்லறைத் திருநாள் என்றால் ஒரு கட்டு மெழுகுவத்தி, ஒரு தீப்பெட்டி, மீதி நேரமெல்லாம் காற்றோடு மல்லுக்கட்டு. நான்கு வருஷமாகப் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில் இருக்கிறேன். இங்கே அந்த மல்லுக்கட்டே இல்லை. கல்லறைக்கென்றே ‘ஸ்னிச்’ என்று ஒரு விளக்கு உண்டு: கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கூடு, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட மூடி, உள்ளே மாற்றக்கூடிய மெழுகுக் குப்பி. அக்டோபர் வந்துவிட்டால் சூப்பர் மார்க்கெட்டில் பாலுக்கும் ரொட்டிக்கும் நடுவே இவை சுவராக அடுக்கியிருக்கும்.

போன வருஷம் என் வீட்டுக்கார அம்மா கேட்டார்: “ரோமுக்குப் போகிறாயாமே, என் தாய்மாமனுக்கு ஒரு விளக்கு வைத்துவிட்டு வர முடியுமா?” அவரை நான் ‘பானி’ என்றுதான் கூப்பிடுவேன், இங்கே மரியாதைக்கு அதுதான். பானிக்கு எண்பது தாண்டிவிட்டது. மாமா 1944-இல், இரண்டாம் உலகப் போரில், இத்தாலியின் மோண்டே காசினோ மலையில் இறந்தவர். அவர் புதைந்த இடத்தைப் பானி படத்தில்தான் பார்த்திருக்கிறார்.

சரி, மலை உச்சி, நவம்பர் மாதம். எது தாங்கும் என்று தெரியாததால் மூன்று வாங்கினேன். பரிசோதனைக்கென்று முதல் வகையில் கூடுதலாக ஒன்று.

முதலாவது, தடித்த கண்ணாடி, தகர மூடி. 24 ஸ்லோட்டி (போலந்துப் பணம்). குப்பியில் 72 மணி நேரம் என்று போட்டிருந்தது. என் பால்கனியில் 61 மணி எரிந்தது. குளிரில் ஓரத்து மெழுகு உருகாமல் நடுவில் மட்டும் குழி விழுந்ததுதான் காரணம். ஒரே குறை எடை. கைலியில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன். விமான நிலையப் பாதுகாப்பில் பையைத் திறக்கச் சொன்னார்கள். கைலியைப் பிரித்து விளக்கைப் பார்த்ததும் அந்த அதிகாரி ஒன்றுமே கேட்காமல் தானே திருப்பிச் சுற்றி வைத்தார்.

இரண்டாவது, சிவப்பு பிளாஸ்டிக். 7 ஸ்லோட்டி. ரோமில் பையைத் திறந்தபோதே மூடி விரிசல் விட்டிருந்தது. மூன்றாவது, பேட்டரி விளக்கு, நெருப்பே கிடையாது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரோமிலிருந்து காசினோ ஊருக்கு ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கிருந்து மலைமேல் இருக்கும் பெனடிக்டின் மடத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலை. எனக்குப் பேருந்து கிடைக்கவில்லை, டாக்சிதான். 1944 பிப்ரவரி 15 அன்று நேச நாட்டு விமானங்கள் தரைமட்டமாக்கிய மடம் அது. இப்போது நிற்பது திரும்பக் கட்டியது. மடத்துக்குப் பக்கத்துச் சரிவில்தான் போலந்துக் கல்லறைத் தோட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள், படிப்படியாக மேலேறும் வரிசைகள். பெரும்பாலும் சிலுவை, யூத வீரர்களுக்குத் தாவீதின் நட்சத்திரம். ஆன்மாவைக் கடவுளுக்கும் உடலை இத்தாலி மண்ணுக்கும் இதயத்தைப் போலந்துக்கும் கொடுத்தோம் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

இந்தப் போலந்துப் படை வந்த வழியைப் பானி சமையலறை மேஜையில் விரலாலேயே வரைந்து காட்டுவார். 1940-இல் சோவியத்துக்காரர்கள் அவருடைய மாமாவை அப்போது போலந்தில் இருந்த ல்வூஃப் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கஜகஸ்தானுக்கு நாடு கடத்தினார்கள். 1941-இல் போலந்து அரசுக்கும் சோவியத்துக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டு விடுதலை. போலந்து ஜெனரல் ஆண்டர்ஸ் திரட்டிய படையில் சேர்ந்து 1942-இல் ஈரான், பிறகு ஈராக், பாலஸ்தீனம், எகிப்து, கடைசியில் இத்தாலி. மே 18 அன்று மடத்து இடிபாடுகளில் போலந்துக் கொடி ஏறியது. மாமா அதற்கு ஆறு நாள் முன்னாலேயே, ஜெர்மானியர்மேல் போலந்துப் படை நடத்திய முதல் தாக்குதலில் போய்விட்டார். வயது 23. போர் முடிந்தபோது ல்வூஃப் சோவியத் யூனியனுக்குள் போய்விட்டது. குடும்பத்தை ரயிலேற்றி வ்ரோத்ஸ்வாஃபுக்கு அனுப்பிவிட்டார்கள். “பிழைத்திருந்தாலும் அவர் திரும்பி வர வீடு இல்லை” என்பார் பானி.

ஆண்டர்ஸ் 1970-இல் லண்டனில் இறந்தார். தன் வீரர்களோடே புதைக்கச் சொல்லியிருந்ததால் அவர் கல்லறையும் இங்கேதான். விளக்குகள் எல்லாம் அவர் காலடியில். பெரியது, சிறியது, வெள்ளை சிவப்பு ரிப்பன் கட்டியது என்று நெருக்கியடித்துக்கொண்டு. மேல் வரிசைகளில் ஒன்றுகூட இல்லை. ஏறிப் போக மூச்சு வாங்கும்தான், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

மாமாவைக் கண்டுபிடிக்க அரை மணி. காற்று பிய்த்துக்கொண்டு போனது. ஆழமான கண்ணாடிக்குள் லைட்டரை விட்டுப் பார்த்தேன், திரி எட்டவில்லை, விரல் சுட்டதுதான் மிச்சம். கீழ் வரிசையில் நின்ற ஒரு போலந்துப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தவர், பொறுக்காமல் ஏறி வந்தார். குப்பியை வெளியே எடுத்து, தன் கோட்டுக்குள் மறைத்துப் பற்றவைத்து, கூட்டுக்குள் இறக்கி மூடியைத் திருகினார். ஐந்து வினாடி. போலந்தில் இத்தனை வருஷம் இருந்தும் இது எனக்குத் தெரியாது. தகர மூடி அசையவே இல்லை. பிளாஸ்டிக் விளக்கைப் பக்கத்துக் கல்லறைக்கு வைத்தேன்; விரிசல் வழியாகக் காற்று புகுந்து மூன்று முறை அணைந்தது. வாங்காதீர்கள்.

பேட்டரி விளக்கைக் கீழே ஊரில் இருக்கும் காமன்வெல்த் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே இந்திய வீரர்களும் இருக்கிறார்கள். காசினோவுக்குத் தென்கிழக்கே மின்யானோ பக்கத்தில், 1944 பிப்ரவரி 24 அன்று, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் மற்றவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடி மேல் விழுந்து உயிர்விட்டார். பிரிட்டனின் வீரப் பதக்கமான ஜார்ஜ் கிராஸ் பெற்றவர், செங்கல்பட்டுச் சீமைக்காரர். அவர் நினைவாக ஓர் இந்தியக் கல்லின் முன் வைத்தேன். மழைக்கு அணையவில்லை, காற்றுக்கு அணையவில்லை. பகல் வெளிச்சத்தில் எரிகிறதா என்றே தெரியவில்லை, குனிந்து கையால் மறைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. இருட்டிய பிறகு நன்றாக இருக்கலாம், ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஊர் திரும்பிப் படத்தைக் காட்டினேன். பானி கல்லையோ பெயரையோ முதலில் பார்க்கவில்லை. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, “மூடியைச் சரியாகத் திருகினாயா?” என்றார். ஒரு பாட்டி திருகினார் என்றேன். “அப்போது சரி” என்று போனைத் திருப்பித் தந்தார்.

பால்கனியில் எரித்துப் பார்த்த கண்ணாடி இன்னும் என்னிடம் இருக்கிறது. புதுக் குப்பி மட்டும் 6 ஸ்லோட்டிதான். இந்த வருஷம் அதற்கு ஒன்று வாங்கிவிட்டேன்.